கனத்தைக் கம்பியில் கட்டிய வெள்ளைத் துணி

2020 டிசம்பர் நடுப்பகுதியில் கொழும்பின் பொரளை கனத்தை மயானத்து வேலியில் சின்னச் சின்ன வெள்ளைத் துணிகள் தொங்கின. கட்டியவர்கள் முஸ்லிம்கள் மட்டுமல்ல. பிறந்து 20 நாளே ஆன முஸ்லிம் குழந்தையொன்றின் உடலைக் கொரோனா மரணம் என்று பெற்றோரின் சம்மதமின்றி எரித்துச் சில நாட்களே ஆகியிருந்தன. துணி ஏன் வெள்ளை என்று கொழும்பில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அது கபன், இறந்தவரைப் பொதியும் துணி.

குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுவித்து, அடக்குவது: இந்த நான்கும் பர்ளு கிபாயா. ஊரில் சிலர் செய்தால் எல்லோருடைய கடமையும் தீரும். ஒருவரும் செய்யாவிட்டால் ஊரே குற்றவாளி. அதனால்தான் மாளிகாவத்தை, ஜாவத்தை மையவாடிகளுக்கு உடலைச் சுமந்துபோகும் சந்தூக்கிற்கு வழியில் வருகிற அந்நியரும் தோள் கொடுக்கிறார். மற்றவர்களிடமும் இது உண்டு: வெள்ளவத்தை இந்துத் தமிழர் தொடர்மாடிக்குக் குடியேறிய பிறகு பூதவுடலை மலர்ச்சாலைக்குக் கொண்டுபோகப் பழகினார்கள். ஆனாலும் அரப்பும் எண்ணெயும் வைத்துக் குளிப்பாட்டுகிற உரிமையை உறவினர் விட்டுக்கொடுப்பதில்லை.

யூதர்களிடம் இதே வேலைக்கென்று ஒரு சங்கமே உண்டு: ஹெவ்ரா கடிஷா. பிராக் நகரின் சங்கம் 1564இல் தொடங்கியது. ஆணை ஆண்களும் பெண்ணைப் பெண்களும் குளிப்பாட்டி, வெள்ளை உடுத்தி, ஏதும் தவறு நேர்ந்திருந்தால் மன்னிக்கும்படி இறந்தவரிடமே கேட்பார்கள். எளிய துணிக்கு ஒரு கதை இருக்கிறது. இறுதிச் சடங்கின் செலவுக்குப் பயந்து உறவினர் சடலத்தைப் போட்டுவிட்டு ஓடிய காலமொன்றை யூத நூலான தல்மூத் சொல்கிறது. யூதத் தலைவர் ரப்பான் கமாலியேல் தன்னைச் சாதாரண நார்த்துணியில் அடக்கச் சொன்ன பிறகே அந்தப் பகட்டு அடங்கியது. கொரோனா பரவியபோது குளிப்பாட்டுவதைப் பல இடங்களில் இச்சங்கங்களும் நிறுத்தின. அடக்கத்தை நிறுத்தவில்லை.

இலங்கையில் அடக்கமே நின்றது. 2020 மார்ச்சில் முஸ்லிம் ஒருவரின் முதல் கொரோனா மரணம் எரிப்பில் முடிந்தது; ஏப்ரல் 11 வர்த்தமானி அதையே சட்டமாக்கியது. நிலத்தடி நீர் கெடும் என்றார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. உயர் நீதிமன்றம் டிசம்பர் 1இல் மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலே தள்ளியது. பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்து போன மறுநாள், 2021 பெப்ரவரி 25இல், புதிய வர்த்தமானி அடக்கத்தை அனுமதித்தது. பத்து மாதங்களாகக் கெடவிருந்த நீர் ஒரே இரவில் எப்படித் தெளிந்ததோ!

எங்கே அடக்குவது? முதலில் வடக்கின் இரணைதீவு என்றார்கள். அங்குள்ள கத்தோலிக்க மீனவர் எதிர்த்தனர். பிறகு கிழக்கின் ஓட்டமாவடி மஜ்மா நகர், கொழும்பிலிருந்து 250 கிலோமீற்றருக்கு மேல். மார்ச் 5இல் முதல் ஜனாஸாக்கள் அங்கே இறங்கின. கொழும்பில் இறந்தவரின் கபுறைப் பார்க்க ஒரு நாள் பயணம் வேண்டும். ஆனாலும் பர்ளு கிபாயா அங்கே திரும்பி வந்தது. முகம் தெரியாதவர்களின் மையித்துகளை ஓட்டமாவடி தன் மண்ணில் ஏற்றது.

முஸ்லிம்களை மட்டுமல்ல. ஒரு வருடத்தில் அங்கே அடக்கப்பட்ட 3,634 பேரில் 2,992 பேர் முஸ்லிம்கள், 287 பேர் இந்துக்கள், 270 பேர் பௌத்தர்கள், 85 பேர் கிறிஸ்தவர்கள்.

எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்று அரசு கணக்குச் சொல்கிறது. அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது 2024 ஜூலையில்.