எதிர்க்கட்சி ஆரம்பிப்பது எப்படி? (இணைய விளையாட்டு வரலாறு)

இணையத்துல நடந்த அரசியல் விளையாட்டுகளைப் பற்றிப் பேசுறவங்க, யார் ஆட்சியைப் பிடிச்சாங்க, யார் யாரைக் கவுத்தாங்கன்னுதான் பேசுவாங்க. எனக்கு என்னவோ தோத்த பக்கம்தான் பிடிக்கும். தோத்தவன் விளையாட்டை விட்டு ஓடாம, அடுத்த தேர்தல் வரைக்கும் ஒரு கட்சியை எப்படிக் கட்டிக் காப்பாத்தறான்? இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

முதல்ல நிஜ உலகம். ஆளுகிறவர்களை எதிர்ப்பது ராஜதுரோகம் இல்லை என்கிற எண்ணமே ரொம்பப் பழசு கிடையாது. 1826-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் ஜான் கேம் ஹாப்ஹவுஸ் என்ற உறுப்பினர் 'மன்னரின் எதிர்க்கட்சி' என்று கிண்டலாகச் சொன்னார். சபை சிரித்தது. ஆனால் அந்தச் சொல் நின்றுவிட்டது. 1937-ல் எதிர்க்கட்சித் தலைவருக்கு அரசாங்கமே சம்பளம் கொடுக்கும்படி அங்கே சட்டம் போட்டார்கள். கிண்டல் சம்பளம் வரைக்கும் வர 111 வருஷம் ஆகியிருக்கு!

இணைய உலகம் இதே பாதையை மறுபடியும் முதல்லேருந்து நடக்க வேண்டியிருந்தது.

1990-ல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் பாவெல் கர்டிஸ் என்பவர் 'லாம்டாமூ' என்று ஒன்றை ஆரம்பித்தார். படம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். அதை நிர்வகித்தவர்களுக்கு 'மந்திரவாதிகள்' என்று பெயர். 1992 டிசம்பரில் அவர்கள், "உங்க சண்டையை நீங்களே தீர்த்துக்குங்க, நாங்க தொழில்நுட்பம் மட்டும் பார்த்துக்கறோம்"னு ஒதுங்கிட்டாங்க. 1993-ல் ஒரு பெரிய அத்துமீறல் நடந்தபிறகு, மனுப் போட்டு வாக்கெடுப்பு நடத்தும் முறை வந்தது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மக்கள் தேர்ந்தெடுத்த அரசாங்கம்னு அங்கே ஒண்ணு கிடையாது. அரசாங்கம் இல்லாத இடத்தில் எதிர்க்கட்சி எதை மாற்றுவது? 1996-ல் மந்திரவாதிகள் திரும்ப வந்து, எங்களால் ஒதுங்கியிருக்க முடியவில்லை என்று அறிவித்தார்கள். கதை முடிஞ்சது.

அடுத்தது 2002 நவம்பர். ஆஸ்திரேலிய எழுத்தாளர் மேக்ஸ் பேரி தன் நாவல் ஒன்றுக்கு விளம்பரமாக 'நேஷன்ஸ்டேட்ஸ்' என்ற விளையாட்டை ஆரம்பித்தார். நாம் ஒவ்வொருவரும் ஒரு நாடு. நாடுகள் சேர்ந்தது ஒரு பிராந்தியம். அதில் மற்ற நாடுகளின் ஆதரவு யாருக்கு அதிகமோ அவர்தான் பிரதிநிதி. இதுவரைக்கும் ஜனநாயகம். ஆனால் அந்தப் பிரதிநிதிக்கு, பிடிக்காத நாட்டைப் பிராந்தியத்தை விட்டே துரத்தும் அதிகாரமும் இருந்தது. அதாவது, நீங்க நாலு பேர்கிட்ட ஆதரவு கேட்டாலே அது கலகம்! 2003-ல் 'தி பசிபிக்' என்ற பெரிய பிராந்தியத்தில் 'ஃபிரான்கோஸ் ஸ்பெயின்' என்ற நாடு பிரதிநிதியானது. எதிர்ப்பவர்களைத் துரத்தித் துரத்தியே ஒரு ஆட்சியை நிறுவியது. 2006-ல்தான் 'செல்வாக்கு' என்ற கணக்கைக் கொண்டுவந்து, துரத்துவதற்கும் ஒரு விலை வைத்தார்கள். வேறு பல பிராந்தியங்களில் ஆட்டக்காரர்களே அரசியல் சட்டம் எழுதி, தேர்தல் நடத்தி, தோற்றவருக்கும் இடம் கொடுத்தார்கள். ஆனால் அது நிரலில் இல்லாத ஒப்பந்தம். பிரதிநிதி மதிச்சாத்தான் உண்டு.

இப்போ முக்கியமான ஆட்டத்துக்கு வருவோம். ஜார்ஜ் லெம்னாரு, அலெக்சிஸ் போன்ட் இருவரும் ஆரம்பித்த 'ஈரிபப்ளிக்'. 2007 நவம்பரிலிருந்து நாள் எண்ண ஆரம்பித்தார்கள். 2008-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். நிஜ நாடுகளின் வரைபடம். நாம் ஒரு குடிமகன். வேலைக்குப் போகலாம், போரில் சண்டை போடலாம், பத்திரிகை நடத்தலாம், கட்சியில் சேரலாம். மாதாமாதம் 5-ஆம் தேதி ஜனாதிபதித் தேர்தல், 15-ஆம் தேதி கட்சித் தலைவர் தேர்தல், 25-ஆம் தேதி காங்கிரஸ் தேர்தல். இதை நிரலே நடத்தும். யாரும் ஒத்திப்போட முடியாது. எதிர்க்கட்சிக்கு இதைவிடப் பெரிய வரம் வேறென்ன? இன்னிக்குத் தோத்தா அடுத்த மாசம் பார்த்துக்கலாம்.

ஆனா கட்சி கட்டுறது லேசுப்பட்ட வேலை இல்லை. புதுக்கட்சி பதிவு செய்ய 40 தங்கம். காங்கிரசுக்கு ஜெயித்தால் கிடைக்கும் பதக்கத்துக்கு 5 தங்கம். அதாவது எட்டு முறை ஜெயித்த காசு ஒரு கட்சிக்கு. அதுக்கு மேல, உறுப்பினர் எண்ணிக்கையில் முதல் ஐந்து இடத்தில் இருக்கும் கட்சிகள்தான் காங்கிரசுக்கு வேட்பாளர் நிறுத்தலாம். ஆறாவது கட்சி வேடிக்கைதான் பார்க்கணும். அதனால் விவரமானவர்கள் புதுக்கட்சி ஆரம்பிப்பதை விட, தூங்கிக்கிட்டிருக்கிற ஒரு பழைய கட்சியில் கும்பலாகச் சேர்ந்து, 15-ஆம் தேதி தலைவர் பதவியை ஜெயித்து, அதையே எதிர்க்கட்சியாக மாற்றுவார்கள். கொள்கை, பெயர் எல்லாம் அப்புறம். அந்த 5 தங்கத்துக்காகவே சீட்டு கேட்டு வருபவர்களைச் சமாளிப்பது தனித் தலைவலி.

இந்த வழிதான் பெரிய வினையையும் கொண்டுவந்தது. உள்நாட்டுக்காரன் நுழைகிற அதே கதவு வழியாக வெளிநாட்டுக்காரனும் நுழையலாம் இல்லையா? ஆள்பலம் உள்ள நாட்டுக்காரர்கள் சின்ன நாட்டில் குடியேறி, ஒரு கட்சியைப் பிடித்து, தேர்தலில் ஜெயித்து, கஜானாவைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். இதற்குப் 'பொலிட்டிக்கல் டேக் ஓவர்' என்றே பெயர் வந்துவிட்டது, சுருக்கமாக பி.டி.ஓ. குடியுரிமைக்கு ஒப்புதல் வேண்டும் என்ற விதி பிறகுதான் வந்தது.

இதில் நாசமாப் போனது கஜானா மட்டும் இல்லை. பல நாடுகளில் பயத்தில் கட்சிகளெல்லாம் கூடி ஒரே வேட்பாளரை நிறுத்த ஆரம்பித்தன. நாட்டைக் காப்பாத்தணும், நியாயம்தான். ஆனா அதுக்கப்புறம் எவனாவது வரி ஏன் ஏறுச்சு, போருக்கு எவ்ளோ செலவாச்சுன்னு கேட்டா, பதில் வராது. "நீ எந்த நாட்டு ஆளு?"ன்னு திருப்பிக் கேள்விதான் வரும். ஹாப்ஹவுஸ் காலத்துக்கு முந்தைய நிலைமை. எதிர்க்கிறவன் எல்லாம் துரோகி.

மூணு ஆட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா எனக்குத் தெரியறது இதுதான். லாம்டாமூவில் கைப்பற்ற ஆட்சி இல்லை. நேஷன்ஸ்டேட்ஸில் ஆட்சி இருந்தது, எதிர்க்கிறவனுக்கு நிற்க இடம் இல்லை. ஈரிபப்ளிக்கில் இடமும் இருந்தது, தேதியும் இருந்தது, ஆனால் தோற்றால் நாடே போய்விடும் என்ற பயம் வந்ததும் ரெண்டும் வீணாச்சு. தேர்தல் தேதியை நிரலில் எழுதிடலாம். "இவன் ஜெயிச்சாலும் நாடு இருக்கும்"கிற நம்பிக்கையை எந்த நிரலில் எழுதுறது?

அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க எதிர்க்கட்சிக்கு இருந்த ஒரே கருவி அவர்களுடைய பத்திரிகை. வாராவாரம் வரவு செலவுக் கணக்கைப் போட்டு, நாங்க வந்தா என்ன செய்வோம்னு எழுதி, தோத்த மறுநாள் ஜெயிச்சவருக்கு வாழ்த்தும் சொல்லி... போரடிக்கிற வேலைதான். ஆனால் என்னைக் கேட்டால், அந்த 40 தங்கத்தை விட இதற்குத்தான் மதிப்பு அதிகம்.

இந்த மாதிரி ஆட்டத்தில் எதிர்வரிசையில் உட்கார்ந்தவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்தில் சொல்லுங்க. ஜெயிச்சவங்களும் சொல்லலாம், தப்பில்லை :)