மேசை முப்பரிமாண அச்சுப்பொறி

மேசை முப்பரிமாண அச்சுப்பொறி என்பது பிளாஸ்டிக் இழையை உருக்கி, அடுக்கின்மேல் அடுக்காகப் படியவைத்து, கணினியில் வரைந்த உருவத்தைக் கையில் பிடிக்கும் பொருளாக ஆக்கித் தரும் சிறு இயந்திரம். 1.75 மில்லிமீட்டர் தடிமனுள்ள இழை, ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும் நாஸிலுக்குள் தள்ளப்பட்டு, பெரும்பாலும் 0.4 மில்லிமீட்டர் அளவுள்ள துளை வழியே வெளிவருகிறது. நாஸில் இடம் வலமாகவும் முன்பின்னாகவும் நகர்ந்து ஓர் அடுக்கை வரைந்து முடித்ததும், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ மூன்று பங்கோ உயர்ந்து அடுத்த அடுக்கைத் தொடங்கும். இன்று கல்லூரி விடுதி அறைகளிலும் சிறு பட்டறைகளிலும் சாதாரணமாகக் காணப்படும் இந்தக் கருவி, 2005-க்கு முன் பெரும்பாலும் பெரிய நிறுவனங்களின் வடிவமைப்புக் கூடங்களில்தான் இருந்தது. இடைப்பட்ட காலத்தில் என்ன மாறியது என்ற கேள்விக்கு வழக்கமாகத் தரப்படும் விடை, 2009-இல் ஒரு காப்புரிமை காலாவதியானது என்பதே. அந்த விடை பொய்யல்ல. ஆனால் விற்பவரின் வரலாற்றைத்தான் அது விளக்குகிறது. செய்தவரின் வரலாற்றை விளக்கவில்லை.

தொழிற்கூட வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒளிபட்டால் இறுகும் திரவப் பிசினை அடுக்கடுக்காக உறையவைக்கும் முறையை 1981-இல் ஜப்பானின் நகோயாவைச் சேர்ந்த ஹிதேயோ கொடாமா ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அதே அடிப்படையில் இயங்கும் முறைக்கு அமெரிக்கர் சக் ஹல் 1984-இல் விண்ணப்பித்து 1986-இல் காப்புரிமை பெற்றார்; அவர் தொடங்கிய நிறுவனம் த்ரீடி சிஸ்டம்ஸ். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல் டெக்கார்டு, தூளை லேசரால் சூடாக்கி ஒட்டவைக்கும் முறையை உருவாக்கினார். மூன்றாவது வழி ஸ்காட் கிரம்ப் கண்டது: பிளாஸ்டிக்கை உருக்கி நாஸில் வழியே பிழிவது. மகளுக்கு ஒரு தவளைப் பொம்மை செய்ய, பசை உருக்கும் துப்பாக்கியில் மெழுகும் பாலிஎத்திலீனும் கலந்து முயன்றதில் அந்த எண்ணம் பிறந்ததாகச் சொல்வார்கள். 1989 அக்டோபரில் அவர் விண்ணப்பித்த காப்புரிமை 1992-இல் கிடைத்தது. ஸ்ட்ராட்டசிஸ் நிறுவனம் அதன்மேல் எழுந்தது. இயந்திரங்களின் விலை பல பத்தாயிரம் டாலர்.

கிரம்ப்பின் காப்புரிமை 2009 அக்டோபரில் முடிந்தது. அதற்கு 4 ஆண்டுகளுக்கு முன்பே, இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் ரெப்ராப் என்ற திட்டத்தைத் தொடங்கிவிட்டார். தன் பாகங்களைத் தானே அச்சிட்டுப் பெருகும் இயந்திரம் என்பது அவருடைய கனவு. 2004 பிப்ரவரியிலேயே அந்த எண்ணத்தை வெளியிட்டிருந்தார். டார்வின் என்று பெயரிடப்பட்ட முதல் வடிவம் 2007-இல் வந்தது. 2008 மே 29 அன்று, ஒரு டார்வின் அச்சிட்ட பாகங்களால் கட்டிய இரண்டாவது டார்வின், தன் முதல் பாகத்தை அச்சிட்டது. மேக்கர்பாட் என்ற நியூயார்க் நிறுவனம் 2009 ஏப்ரலிலேயே கப்கேக் என்ற கிட்டை விற்கத் தொடங்கியது. காப்புரிமை முடிய அப்போது இன்னும் 6 மாதம் இருந்தது. ஆகவே வீட்டு அச்சுப்பொறி பிறந்ததற்கும் காப்புரிமை முடிந்ததற்கும் உள்ள உறவு, காரணமும் விளைவும் போன்றதல்ல.

போயர் எடுத்த முடிவுகளில் மிகப் பெரியது தொழில்நுட்பம் சார்ந்ததே அல்ல. வரைபடங்கள், மின்சுற்றுகள், மென்பொருள் அனைத்தையும் ஜிபிஎல் உரிமத்தில் எவரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று வெளியிட்டார். இதில் தாராள மனம் இருந்ததா என்பது வேறு கேள்வி. கணக்கு தெளிவாக இருந்தது. தன்னையே நகலெடுப்பதற்கென்று செய்த இயந்திரத்தை நகலெடுக்கக் கூடாது என்று தடுக்க நினைத்தால், வாழ்நாள் முழுவதும் நீதிமன்றத்தில்தான் கழிக்க வேண்டும். பூவும் தேனீயும் ஒன்றையொன்று சார்ந்து பெருகுவதுபோல, மனிதன் இயந்திரத்தைப் பூட்டித் தருவான், இயந்திரம் அவனுக்கு வேண்டிய பொருளைச் செய்து தரும் என்பது அவர் வாதம். அதே சமயத்தில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹாட் லிப்சனும் இவான் மலோனும் ஃபேப்அட்ஹோம் என்ற திறந்த வடிவமைப்பை வெளியிட்டார்கள். ஊசிக்குழாயில் நிரப்பிய சிலிக்கோன், மாவு, சாக்லேட் என எதையும் பிழியக்கூடிய அழகான கருவி அது. இருந்தும் அதன் வழித்தோன்றல்கள் இன்று அரிது. ரெப்ராப்பின் வாரிசுகள் உலகெங்கும் இருக்கின்றன. திறந்த உரிமம் இரண்டுக்கும் பொது என்பதால், வேறுபாட்டை அங்கே தேடிப் பயனில்லை. ரெப்ராப் தன் பாகங்களை எங்கிருந்து எடுத்துக்கொண்டது என்பதில்தான் விடை இருக்கிறது.

டார்வினின் உடற்சட்டம், எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும் இரும்புக் கம்பி. அதைப் பிணைக்கும் மூலைத்துண்டுகளை மட்டும் இன்னொரு அச்சுப்பொறி செய்து தந்தால் போதும். பின்வந்த வடிவங்களில் சுழலும் இடங்களில் இருந்தது 608 எண் பேரிங், அதாவது சறுக்குப்பலகைச் சக்கரத்தில் இருக்கும் 8 மில்லிமீட்டர் உள்விட்டப் பேரிங். நகர்த்துவதற்கு நேமா 17 அளவு ஸ்டெப்பர் மோட்டார்; தொழிற்சாலைக் கருவிகளுக்காக ஏற்கெனவே பெருமளவில் உற்பத்தியானது. ஒரு சுற்றுக்கு 200 படி என்று அது திரும்பும். ஓட்டும் சிப் ஒவ்வொரு படியையும் 16 ஆகப் பிரித்தால் சுற்றுக்கு 3,200. இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் பல் கொண்ட பெல்ட்டை 20 பல் கப்பியில் மாட்டினால் ஒரு சுற்றுக்கு 40 மில்லிமீட்டர் நகரும். ஆக ஒரு மில்லிமீட்டருக்கு 80 நுண்படி. இந்த 80 என்ற எண் இன்றும் ஆயிரக்கணக்கான அச்சுப்பொறிகளின் ஃபர்ம்வேரில், அதாவது அவற்றுக்குள்ளேயே இயங்கும் நிரலில், எழுதப்பட்டிருக்கிறது. அளவெடுத்துத் திருத்தும் நுட்பமான கருவி எதுவும் தேவைப்படாமல், வாங்கிய பாகங்களின் கணக்கே துல்லியத்தைத் தந்துவிடுகிறது. கருவி கையாளத் தெரியாதவரும் அதைக் கட்ட முடிந்ததற்கு இதுவே முதன்மையான காரணம் என்பேன்.

மூளையாக அமைந்ததும் கடன்தான். 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில், வடிவமைப்பு மாணவர்கள் பயன்படுத்துவதற்காக மாசிமோ பான்சியும் கூட்டாளிகளும் அர்டுயினோ என்ற மின்சுற்றுப் பலகையை உருவாக்கினார்கள். அதற்கு அடித்தளம் அதே நிறுவனத்தில் ஹெர்னாண்டோ பரகான் முதுகலை ஆய்வாகச் செய்த வயரிங் என்ற திட்டம். அவர் பெயர் பல காலம் போதிய அளவு சொல்லப்படவில்லை. அர்டுயினோ மெகா பலகையின்மேல் ராம்ப்ஸ் என்ற துணைப் பலகையைச் செருகினால், மோட்டார் ஓட்டவும் சூடாக்கவும் வெப்பம் அறியவும் வேண்டிய இணைப்புகள் அமைந்துவிடும். இயந்திரத்துக்குக் கட்டளையிடும் ஜி-கோடு, தானியங்கிக் கடைசல் இயந்திரங்களுக்காகப் பல பத்தாண்டுகளுக்கு முன் உருவானது. சிறு சிப்பில் அந்தக் கட்டளைகளைப் படித்து மோட்டாரை ஓட்டும் கிர்பல் நிரல் 2009-இல் வந்தது. அதிலிருந்தும் ஸ்ப்ரின்டர் என்ற நிரலிலிருந்தும் எடுத்து 2011-இல் அச்சுப்பொறிக்கான மார்லின் நிரல் பிறந்தது. இத்தனை பாகங்களிலும் அச்சுப்பொறிக்கென்றே யாரோ முதலிலிருந்து கண்டுபிடித்தது மிகக் குறைவு. வேறு வேலைக்காக மலிவான பொருள்களை ஒன்றுசேர்க்கும் வரைபடமே புதிது, அதையும் ஒளிக்கவில்லை.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. காப்புரிமை நடப்பில் இருந்தபோது ஆய்வகத்தில் ஒருவர் இயந்திரம் செய்வது வேறு, பல்லாயிரம் பேர் அதை வாங்குவது வேறு. தடை நீங்காமல் முதலீடு வந்திருக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிரிட்டனின் 1977 காப்புரிமைச் சட்டம் வணிக நோக்கமற்ற தனிப்பட்ட பயன்பாட்டை மீறலாகக் கருதுவதில்லை. அமெரிக்காவில் அத்தகைய விலக்கு இல்லையென்றாலும் கார் ஷெட்டில் ஒன்றைக் கட்டிக்கொள்பவர்மீது வழக்குப் போட்டு எந்த நிறுவனத்துக்கும் லாபமில்லை. விற்பவர் நிலை வேறு. ஃபார்ம்லாப்ஸ் 2012-இல் பிசின் அச்சுப்பொறியைப் பொதுமக்களிடம் நிதி திரட்டி விற்க முயன்றதும் த்ரீடி சிஸ்டம்ஸ் வழக்குத் தொடுத்தது. அச்சிடும் அறை முழுவதையும் சூடாக வைக்கும் முறைமீதான ஸ்ட்ராட்டசிஸ் காப்புரிமை 2020-களின் தொடக்கம் வரை நீடித்ததால், மலிவுக் கருவிகள் வெகுகாலம் அந்த வசதியைத் தொடவில்லை. காப்புரிமைக்குப் பல் இருந்தது என்பதில் ஐயமில்லை.

ஆனால் காப்புரிமை முடிவதே போதுமான காரணம் என்றால், மூன்று முறைகளும் ஒரே மாதிரி வீட்டுக்குள் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஹல்லின் அடிப்படைக் காப்புரிமை 2004-க்குள் முடிந்துவிட்டது. மூன்றில் முதலில் விடுதலையானது அதுதான். இருந்தும் பிசின் அச்சுப்பொறி சில நூறு டாலருக்கு இறங்கியது 2018 வாக்கில். கைப்பேசிக்கும் டேப்லெட்டுக்கும் செய்த எல்சிடி திரைகள் மலிந்து, அவற்றையே ஒளி மறைப்பாகப் பயன்படுத்தலாம் என்று தெரிந்த பிறகுதான் அது நடந்தது. டெக்கார்டின் தூள் முறைக்கான முக்கியக் காப்புரிமை 2014-இல் முடிந்தபோது, பத்திரிகைகள் அடுத்த அலை வருகிறது என்று எழுதின. ஓரிரு கிட்டுகள் வந்தன, அலை வரவில்லை. நைலான் தூளை உருகுநிலைக்குச் சற்றுக் கீழே அறை முழுவதும் சீராக வைத்திருக்க வேண்டும். அதன்மேல் வலுவான லேசர் ஓட வேண்டும். நுரையீரலுக்குள் போகும் நுண்தூளைக் கையாள வேண்டும். இந்தப் பாகங்களை வேறொரு தொழில் மலிவாகச் செய்து கடையில் குவித்து வைத்திருக்கவில்லை. ஒன்று காப்புரிமை முடியும் முன்பே, ஒன்று ஏறத்தாழ 14 ஆண்டு தாமதமாக, ஒன்று இன்றுவரை இல்லை என்று மூன்று முறைகளும் பிரிந்து போயிருப்பதை, பாகங்கள் கிடைத்த காலத்தைக் கொண்டு விளக்க முடிகிறது. சட்டத்தின் காலக்கெடுவைக் கொண்டு முடியவில்லை.

இரண்டாவது மறுப்பு, ரெப்ராப்பின் சொந்தக் கனவே பலிக்கவில்லை என்பது. போல்ட், நட் நீங்கலாக டார்வின் தன் பாகங்களில் ஏறத்தாழ பாதியைத்தான் அச்சிட்டது; மோட்டாரையும் சிப்பையும் எந்த அச்சுப்பொறியும் செய்யவில்லை. பின்வந்த வடிவங்களில் அச்சிட்ட பாகங்களின் பங்கு கூடாமல் குறையத் தொடங்கியது, ஏனென்றால் வெட்டிய தகடும் அலுமினியச் சட்டமும் அதிக விறைப்பானவை. எண்ணிக்கையில் பார்த்தால் தோல்விதான். ஆயினும் பெருக்கம் நடந்தது, போயர் எதிர்பார்த்த உறுப்பில் மட்டும் நடக்கவில்லை: இயந்திரம் பெருகியதைவிட வரைபடம் வேகமாகப் பெருகியது. செக் நாட்டு இளைஞர் யோசெஃப் ப்ரூஷா, மெண்டல் என்ற இரண்டாம் வடிவத்தின் சிக்கல்களைக் களைந்து 2010-இல் எளிய பதிப்பை வெளியிட்டார். 2012-இல் வந்த அவருடைய ஐ3 வடிவம், உலகில் மிக அதிகம் நகலெடுக்கப்பட்ட அச்சுப்பொறிகளில் ஒன்றானது. அவர் பிராகாவில் தொடங்கிய தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கான அச்சுப்பொறிகள் வரிசையாக நின்று அடுத்த அச்சுப்பொறிகளுக்கான பாகங்களை அச்சிடுகின்றன. போயரின் கனவுக்கு இதைவிட நெருக்கமான காட்சி வேறெங்கும் இல்லை.

மூடிய கதவுகளின் பங்கையும் குறைத்துச் சொல்லக் கூடாது. மேக்கர்பாட்டின் நிறுவனர்களில் ஒருவரான சாக் ஸ்மித் ரெப்ராப் இயக்கத்திலிருந்து வந்தவர். எவரும் தம் வரைகோப்புகளை ஏற்றிப் பகிரும் திங்கிவர்ஸ் தளம் 2008-இல் அந்தக் குழுவிலிருந்தே வந்தது. ஆனால் 2012-இல் வந்த ரெப்ளிகேட்டர் 2 கருவியின் வரைபடங்களை நிறுவனம் வெளியிடவில்லை. ஸ்மித் அதற்கு முன்பே வெளியேறியிருந்தார். அடுத்த ஆண்டு ஸ்ட்ராட்டசிஸ் அந்த நிறுவனத்தை 40 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள பங்குகள் கொடுத்து வாங்கியது. பெட்டியைப் பிரித்ததும் ஓடும் கருவியைப் பொதுமக்கள் கேட்டார்கள், அதை மூடிய நிறுவனம்தான் கொடுக்க முன்வந்தது என்ற வாதம் ஓரளவு உண்மை. ஆனாலும் மலிவு அந்தத் திசையிலிருந்து வரவில்லை. ஐ3 வழிவந்த நகல்களைச் சீனத் தொழிற்சாலைகள் போட்டிபோட்டுச் செய்ததில்தான் விலை சரிந்தது. ஷென்ஜென் நிறுவனமான கிரியாலிட்டி 2018-இல் எண்டர் 3 கருவியை இறக்கி, திறந்த வன்பொருள் சான்றும் பெற்றது. இந்தியாவில் 2016 முதல் நிதி ஆயோக் அமைத்துவரும் அடல் டிங்கரிங் கூடங்கள் வழியே தமிழ்நாட்டுப் பள்ளிகள் உட்பட ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு அச்சுப்பொறி போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் என்ற உதவித்தொகையில் அச்சுப்பொறியும் ஓர் அங்கமாக அடங்கியதற்கு அந்த விலைச் சரிவே வழி செய்தது.

2022-இல் வந்த பாம்பு லேப் நிறுவனத்தின் கருவிகள் மறுபடியும் தராசைச் சாய்த்தன. வேகம், தானாகவே மட்டம் பார்த்துக்கொள்ளும் தளம், பல நிற அச்சு ஆகியவற்றால் சந்தையைப் பிடித்த அந்தக் கருவிகளின் வன்பொருளும் ஃபர்ம்வேரும் மூடியவை. நகலெடுப்பவர்களோடு தோற்றுப்போகும் போட்டியில் திறந்தே இருக்க முடியுமா என்ற கேள்வியை 2023-இல் ப்ரூஷாவே வெளிப்படையாக எழுப்பினார். அடுத்து வந்த அவருடைய கருவிகளின் கோப்புகள் முன்போல முழுமையாக வெளியாகவில்லை. இயந்திரத்தளவில் திறந்த மரபு பின்வாங்கியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். மென்பொருளில் நிலைமை அப்படியல்ல. உருவத்தை அடுக்குகளாக நறுக்கி ஜி-கோடாக மாற்றும் ஸ்லைசர் நிரல்களில், இத்தாலியர் அலெசாண்ட்ரோ ரனெலூச்சி 2011-இல் எழுதத் தொடங்கிய ஸ்லைசர் என்ற நிரலிலிருந்து ப்ரூஷாஸ்லைசர் கிளைத்தது. அதிலிருந்து பாம்பு ஸ்டூடியோ. அதிலிருந்து ஓர்கா ஸ்லைசர். ரனெலூச்சி தேர்ந்த ஏஜிபிஎல் உரிமம், மாற்றிப் பிறருக்குத் தருபவர் மூலநிரலையும் வெளியிட வேண்டும் என்கிறது. எனவே மூடிய இயந்திரத்தை விற்ற நிறுவனமும் தன் நறுக்கும் நிரலின் மூலத்தைத் திறந்து வைத்தது. அதை எடுத்துத் திருத்திய ஓர்கா, இன்று போட்டி நிறுவனங்களின் கருவிகளையும் ஓட்டுகிறது.