சோழர் கணக்கில் ஒரு பேரெண்

முதலாம் ராஜராஜன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளில் நிலக்கணக்கு, வேலி என்ற நில அளவின் 52,42,88,00,000-இல் ஒரு பங்கு வரை இறங்குகிறது. வேலியைப் பிற்கால வழக்குப்படி ஆறரை ஏக்கராகக் கொண்டால், அது ஏறக்குறைய அரைச் சதுர மில்லிமீட்டர். சோழரின் அளவைத் திறனுக்கு இதையே சான்றாகக் காட்டுவோர் உண்டு; ஆனால் எந்தக் கோலுக்கும் அது எட்டாது. எண்ணைக் காரணிகளாகப் பிரித்தால் 24 இரண்டுகளும் 5 ஐந்துகளும் மட்டுமே கிடைக்கின்றன. மூன்றோ ஏழோ இல்லை. முந்திரி என்ற 1/320-உம் அதே இரண்டு, ஐந்தால் ஆனது. முந்திரியை ஒன்றாக வைத்து மீண்டும் 320 ஆகப் பகுத்தால் கிடைப்பது கீழ்முந்திரி. நான்கு 320-களை ஒன்றோடொன்று பெருக்கி, ஐந்தாலும் பெருக்கினால் இதே பேரெண். ஆக, இது கணக்கரின் வாய்ப்பாட்டில் பிறந்தது.

அளக்க முடியாததைக் கல்லில் ஏன் வெட்டினார்கள்? ஊரின் மொத்த நிலத்தில் குளம், வாய்க்கால், ஊர்நத்தம் போன்ற இறையிலியை, அதாவது வரியில்லா நிலத்தை, கழித்து மிச்சத்துக்கே வரி விதித்தார்கள். அந்தக் கழித்தலில் இத்தகைய நுண்பின்ன எச்சம் ஒட்டியே வரும்.