வலிக்காத புண்ணின் வரலாறு

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் ரெண்டு பக்கமும் என்ன தெரியும்? கரிசல் காடு, வறண்ட கண்மாய், எங்க பார்த்தாலும் சீமைக்கருவேலம். விறகு வெட்டுகிறவர், ஆடு மேய்க்கிறவர் எல்லார் காலிலும் முள் ஏறும். வலிக்கும், பிடுங்கிப் போடுவாங்க. வலிக்கலைன்னா? சர்க்கரை நோயில் கால் மரத்துப்போனவருக்கு முள் உள்ளேயே தங்கிடும். சுற்றியுள்ள சதை செத்துக் கறுத்துப்போகும். அந்தச் செத்த சதையை வெட்டி எடுக்கிற கதைதான் இன்னைக்கு.

டாக்டர்கள் இதை 'டிபிரைட்மென்ட்' என்பார்கள். பிரெஞ்சு சொல், கடிவாளத்தை அவிழ்ப்பது என்று பொருள். 18ஆம் நூற்றாண்டில், பாரிஸ் சர்ஜன் தெசோ காலத்தில், இறுகிய காயத்தைக் கீறித் திறப்பதைத்தான் அது குறித்தது. முதல் உலகப்போர் அந்த அர்த்தத்தை விரித்தது. எரு போட்ட வயல் மண் காயத்துக்குள் போய், சதை அழுகி வீரர்கள் இறந்தார்கள். அந்தக் கிருமி வளர்வது ஆக்சிஜன் இல்லாத செத்த சதையில். பெல்ஜியம் சர்ஜன் அந்துவான் தெபாஜ் போன்றவர்கள் அதை முழுக்க வெட்டி எடுத்தார்கள். உடனே தைக்காமல், புண் சுத்தமான பிறகே தைத்தார்கள். பெனிசிலின் வந்த பிறகும் கத்திக்கு வேலை போகலை. மருந்து ரத்தத்தில்தான் போகும்; செத்த சதைக்கு ரத்தம் போகாதே!

நம்ம பக்கத்து அத்தியாயம் வேலூரில் நடந்தது. 1914இல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோய்தான் விரல்களைத் தின்கிறது என்று எல்லாரும் நம்பிய காலம். ஒருநாள் அவரால் திறக்க முடியாத துருப்பிடித்த பூட்டை ஒரு சிறுவன் சட்டுன்னு திறந்துட்டான். விரலில் எலும்பு தெரிகிற அளவுக்கு வெட்டு. அவனுக்குத் தெரியவே இல்லை. வலி தெரியாததால் சேர்ந்துபோகிற காயங்களே விரலை அழிக்கின்றன என்று பிராண்டுக்குப் புரிந்தது. புண்ணுக்கு ஓய்வு கொடுத்து, சரியான செருப்பு போட்டால் கால் பிழைக்கும் என்று காட்டினார். பின்னாளில் அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் இதையே செய்தார்.

இப்போ ஊருக்குப் போன் பண்ணிக் கேட்டா, "வலியே இல்லப்பா, தன்னால ஆறிடும்" என்பார் அப்பா. நான் பயப்படுறதே அந்த "வலியே இல்ல"வுக்குத்தான். வீட்டில் பிளேடு எடுக்க வேண்டாம். சர்ஜன் முதலில் காலுக்கு ரத்தம் ஒழுங்காகப் போகுதான்னு பார்ப்பார். பிறகுதான் செத்ததை எடுப்பார். புது ரத்தம் கசிந்தால் பயப்படாதீங்க, உயிருள்ள சதை வந்தாச்சுன்னு அர்த்தம். அடுத்த தடவை ஊருக்குப் போனா, அப்பாவோட உள்ளங்காலை ஒருமுறை திருப்பிப் பாருங்க.