துணிக்கைக் கற்றையும் உடலின் படமும்: ஒரு வரலாற்று நோக்கு

விஞ்ஞான வரலாற்றைத் தனிமனித மேதைகளின் வரலாறாக எழுதும் போக்கு இன்றும் செல்வாக்கு இழக்கவில்லை. சி.ரி. படமுறையின் தோற்றம் பற்றிப் பேசுவோர், 1979 ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அலன் கோர்மக், கொட்பிறி ஹவுன்ஸ்பீல்ட் ஆகிய இருவரோடு தம் பேச்சை முடித்துக்கொள்வது வழக்கம். ஆயின், புற்றுநோய்க்கான துணிக்கைக் கற்றைச் சிகிச்சையோடு இணைத்து நோக்குமிடத்து இவ்வரலாறு வேறொரு வடிவம் பெறுகிறது. உடலைத் தாக்கும் கருவி முந்திவிட்டது. உடலைக் காணும் கண் பிந்தியே வந்தது. இவ்விடைவெளிக்கான காரணங்கள் சமூகத்தினுள் தேடப்படவேண்டியவை.

எக்ஸ் கதிர் உடலை ஊடறுத்து அப்பாற் செல்வது. வழிநெடுகத் தன் சக்தியை விட்டுச் செல்வது. புரோத்தன் போன்ற துணிக்கையோ குறித்த ஆழத்தில் நின்றுவிடும். நிற்குமிடத்தை அணுகும்போதே தன் சக்தியைச் செறிவாகச் சொரியும். வில்லியம் பிராக் 1904 இல் அடிலெயிட் நகரில் அல்பாத் துணிக்கைகளில் இவ்வியல்பைக் கண்டார். இதனை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என 1946 இல் எழுதியவர் ரொபேர்ட் வில்சன். அவர் அணுக்குண்டு உருவாக்கப்பட்ட லொஸ் அலமோசில் ஆய்வுப் பிரிவொன்றுக்குத் தலைமை தாங்கியவர். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் முன்னைய சைக்கிளோத்திரன் 1943 இல் குண்டுத் திட்டத்துக்காக அங்கு கொண்டுசெல்லப்பட்டிருந்தது. அதற்கு ஈடான புதியதொன்றை வடிவமைக்கும் வேளையிலேயே வில்சன் இக்கட்டுரையை எழுதினார். கற்றை எந்த உலையிலிருந்து பிறந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

200 மில்லியன் இலத்திரன் வோல்ற்றுச் சக்தி கொண்ட புரோத்தன் நீரில் ஏறத்தாழ 26 சென்ரிமீற்றர் செல்லும். ஆனால் உடல் நீரன்று. வழியில் எலும்பு குறுக்கிட்டால் துணிக்கை முன்னரே நின்றுவிடும். நுரையீரலின் காற்று குறுக்கிட்டால் இலக்கைத் தாண்டி ஆரோக்கியமான இழையத்தினுட் செல்லும். சாதாரண எக்ஸ் கதிர்ப் படமோ ஆழத்தையெல்லாம் ஒரு தளத்து நிழலாக்கிவிடுவது. எனவேதான், 1954 இல் பேர்க்லியில் மனிதருக்கு முதன்முதல் புரோத்தன் செலுத்தப்பட்டபோது கபச்சுரப்பி இலக்காயிற்று. அது தங்கியுள்ள எலும்புக்குழி படத்திற் தெளிவாகத் தெரியும். அப்போதும் துணிக்கைகளைத் தலையினுள் நிறுத்த முயலவில்லை. பல திசைகளிலிருந்து தலையை ஊடறுத்துச் செல்லவே விட்டனர். புரோத்தனின் தனிச்சிறப்பைக் கைவிட்டே புரோத்தன் சிகிச்சை தொடங்கிற்று எனலாம். 1975 இல் ஹாவார்டிற் கண் புற்றுநோய்க்குச் சிகிச்சை தொடங்கியபோதும், கண்ணின் வெளிச்சுவரிற் தந்தாலம் உலோக வளையங்களைத் தைத்து, அவற்றின் நிழலைக் கொண்டே குறிபார்க்க வேண்டியிருந்தது.

கண்ணைத் தேடும் முயற்சி வேறோரிடத்திற் தொடங்கியிருந்தது. கேப்ரவுணில், நோயாளர் நிறவாரியாகப் பிரித்து வைக்கப்பட்ட குறூட் ஷூர் வைத்தியசாலையில், 1956 இன் முற்பாதியில், பௌதிகவியலாளர் பதவி வெற்றிடமாயிற்று. கதிர்த்தொழிற்பாட்டுச் சமதானிகளின் பயன்பாட்டைத் தகுதிபெற்ற ஒருவர் மேற்பார்வை செய்யவேண்டுமெனச் சட்டம் கூறியது. அந்நகரிலிருந்த ஒரேயொரு அணுக்கருப் பௌதிகவியலாளரான கோர்மக், பல்கலைக்கழகத்திலிருந்து வாரத்தில் ஒன்றரை நாள் அங்கு சென்றார். உடல் முழுவதும் ஒரே சீரான பொருள் என்ற எடுகோளில் கதிர்ச் சிகிச்சை திட்டமிடப்படுவதை அவர் கண்டார். உடலினுள் ஒவ்வொரு புள்ளியும் கதிரை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை வெளியிலிருந்து அளந்தறிய முடியுமா என்ற வினா அவ்விடத்தில் எழுந்தது. அது நூலகத்தில் எழுந்த வினா அன்று; அன்றாட வேலையின் குறைபாட்டிலிருந்து பிறந்த வினா.

மர வளையம் சூழ்ந்த அலுமினிய உருளையொன்றை வைத்து அவர் பரிசோதித்தார். கணக்கில் நடுப்பகுதி சற்று முரண்பட்டது. விசாரித்தபோது, உருளையின் மையத்தில் உறிஞ்சல் குறைந்த ஒரு முளை இருந்தமை தெரியவந்தது. கண்ணுக்குப் புலப்படாத பட்டறை வேலையைக் கணக்கு வெளிக்கொணர்ந்துவிட்டது! 1963, 1964 ஆம் ஆண்டுகளில் அவர் வெளியிட்ட கட்டுரைகளுக்கு வரவேற்பு இருக்கவில்லை. பிரதி கேட்டு எழுதியோருள் சுவிற்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு நிலையமும் ஒன்று. இக்கணிதச் சிக்கலை ஜொகான் ராடன் 1917 இலேயே தீர்த்திருந்தார். கோர்மக் அதனை அறிந்திருக்கவில்லை. அறிவு இருந்தமை மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. அதனைக் கோரும் சமூகத் தேவையும், கணக்கிடும் பொறியும், செலவிட முன்வரும் நிறுவனமும் ஒருங்கு சேரவேண்டியிருந்தன.

அச்சேர்க்கை இங்கிலாந்தில் நிகழ்ந்தது. ஹவுன்ஸ்பீல்டின் கருவி 1971 ஒக்ரோபர் 1 ஆம் திகதி அற்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் முதல் நோயாளியின் மூளையைப் படமாக்கிற்று. பீற்றில்ஸ் இசைத்தட்டுகளின் இலாபமே இதனைச் சாத்தியமாக்கியது என்ற கதை பரவலானது, ஈ.எம்.ஐ. நிறுவனத்துக்கு இது நல்ல விளம்பரமும்கூட. அரச சுகாதாரத் திணைக்களம், அதாவது வரிசெலுத்திய மக்கள், வழங்கிய நிதி அக்கதையில் இடம்பெறுவதில்லை.

சி.ரி. படத்தைக் கொண்டு துணிக்கையின் வழியிலுள்ள சீரின்மைகளை ஈடுசெய்யும் முறையை மசாசூசெற்ஸ் பொது வைத்தியசாலையில் மைக்கல் கொய்ற்றீன் 1978 இல் வெளியிட்டார். பௌதிக ஆய்வுகூடங்களின் ஓய்வு நேரத்தை இரவல் வாங்கிய சிகிச்சை, 1990 இல் லோமா லிண்டாவில் முதன்முறையாக வைத்தியசாலைக்கென அமைந்த ஆர்முடுக்கியைப் பெற்றது. தெற்காசியாவின் முதலாவது நிலையம் 2019 இற் சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தால் திறக்கப்பட்டமையும், அங்கு யாரால் சிகிச்சை பெற இயலும் என்பதும் தனியே ஆராயத்தக்கவை.

ஆயினும் கண்ணின் பிரச்சினை முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. சி.ரி. படம் அளப்பது எக்ஸ் கதிரின் உறிஞ்சலை. சிகிச்சைக்கு வேண்டுவதோ புரோத்தனைத் தடுக்கும் வலு. ஒன்றிலிருந்து மற்றதை ஊகித்தே திட்டமிடுகின்றனர். இதனைத் தவிர்த்துப் புரோத்தனாலேயே படமெடுக்கும் பரிசோதனையை 1976 இல் ஹாவார்டில் அண்ட்ரியாஸ் கோலரோடு சேர்ந்து வெளியிட்டவரும் கோர்மக்தான். அம்முறை இன்றும் பெரும்பாலும் ஆய்வுகூடத்திலேயே நிற்கிறது. இருவேறு சக்திகளில் எடுக்கும் சி.ரி. படம் ஊகத்தின் பிழையைக் குறைத்துள்ளது. எனினும் பல நிலையங்கள் ஆழத்தில் 3.5 சதவீதம் வரை பாதுகாப்பு எல்லை விட்டே வந்துள்ளன. 20 சென்ரிமீற்றர் ஆழத்துப் புற்றுக்கு இது 7 மில்லிமீற்றராகும். அவ்வளவுக்கு நலமான இழையமும் கற்றைக்கு உட்படும்.