வலையும் எல்லையும்

ஒரு நாட்டின் வரலாற்றை அரண்மனைகளிலும் போர்க்களங்களிலும் மட்டுமே தேடுவோர் பலர். ஆயின், மக்கள் மாலை வேளைகளில் கூடி மகிழும் ஆடுகளங்களிலும் வரலாறு தன் சுவடுகளைப் பதித்துச் செல்கிறது. வட ஐரோப்பாவின் கோடியிலுள்ள பின்லாந்து நாட்டில் கைப்பந்தாட்டம் வேரூன்றி வளர்ந்த கதை இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும். ஏறத்தாழ 56 இலட்சம் மக்கள் வாழும் அச்சிறு நாடு, கிழக்கே ரஷ்யப் பெருநாட்டோடு ஏறத்தாழ 1,340 கிலோமீட்டர் நீளமுள்ள எல்லையைப் பகிர்ந்துகொள்கிறது. அவ்வெல்லையின் இன்பதுன்பங்கள் அனைத்தும் அந்நாட்டுக் கைப்பந்தின் கதையிலும் நிழலாடுகின்றன.

பெயரும் பிறப்பும்

கைப்பந்து பின்லாந்தில் பிறந்த ஆட்டமன்று. 1895ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஹோலியோக் நகரில், கிறித்துவ இளைஞர் சங்கத்தின் உடற்பயிற்சி ஆசிரியராகப் பணியாற்றிய வில்லியம் மார்கன் என்பார் அதனை வகுத்தார். கூடைப்பந்தின் மோதலும் ஓட்டமும் முதியோருக்கு ஒவ்வாமை கண்டு, இடையே ஒரு வலையைக் கட்டி இரு சாராரையும் பிரித்துவைத்தார். எதிரணியின் மேல் கைபடாமலே அதனை வெல்லவேண்டும் என்பதே இவ்வாட்டத்தின் தனிச்சிறப்பு.

இவ்வாட்டத்தை ஏற்றுக்கொண்ட அண்டை நாடுகளான சுவீடனும் ரஷ்யாவும் ஆங்கிலப் பெயரையே சிறிது திரித்து வழங்கின. பின்லாந்து மக்களோ தம் மொழியிலேயே பெயர் அமைத்தனர். ‘லெந்தோ’ என்றால் பறத்தல். ‘பல்லோ’ என்றால் பந்து. ‘லெந்தோபல்லோ’, அதாவது ‘பறக்கும் பந்து’ என்பதே அவர்கள் சூட்டிய பெயர். தொலைபேசிக்கும் கணினிக்கும் தம் மொழியிலேயே சொல் கண்ட மக்கள் அவர்கள். கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடும் தமிழாசிரியர்கள் இதனை உவகையோடு நோக்குவர்.

போர்முனையில் ஓர் ஆட்டம்

1809 முதல் ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்குட்பட்டிருந்த பின்லாந்து, 1917 டிசம்பர் 6ஆம் நாள் விடுதலை பெற்றது. அவ்விடுதலைக்கு விரைவிலேயே சோதனை வந்தது. 1939 நவம்பரில் சோவியத் படைகள் எல்லை கடந்தன. 1940இல் முடிந்த அப்போரையடுத்து, 1941 முதல் 1944 வரை மீண்டும் ஒரு போர் மூண்டது. கரேலியா என்னும் கிழக்குப் பகுதி பறிபோக, நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுவாசல் துறந்து மேற்கே குடிபெயர்ந்தனர்.

இரண்டாம் போரின் நடுவே, 1942 தொடங்கி 1944 கோடைவரை, போர்முனை பெரும்பாலும் அசையாது நின்றது. பதுங்கு குழிகளில் காத்துக்கிடந்த வீரர்களுக்கு நாள்கள் யுகங்களாயின. அந்நாள்களில் கைப்பந்து அவர்களுக்கு உற்ற துணையாயிற்று. காட்டையடுத்த சிறுவெளி ஒன்றும், ஒரு வலையும் ஒரு பந்தும் இருந்தால் போதுமே! போர் முடிந்து ஊர் திரும்பிய உழவரும் தொழிலாளரும் இவ்வாட்டத்தையும் உடன்கொண்டு சென்றனர். எல்லையில் காவல் நின்ற கைகளே ஊர்ப்புறங்களில் வலை கட்டின.

இதனாற்போலும், பின்லாந்தில் கைப்பந்து பெருநகரங்களைக் காட்டிலும் சிற்றூர்களிலேயே செழித்தது. ரைசியோ, லொய்மா, சஸ்தமாலா முதலிய சிறு நகரங்கள் பெயர்பெற்ற குழுக்களை உடையன. சில ஆயிரம் மக்களே வாழும் பியெலாவெசி என்னும் சிற்றூரின் குழுவோ நாட்டின் வாகையைப் பலமுறை சூடியது. அக்குழுவின் பெயர் ‘சம்போ’. பின்லாந்தின் காப்பியமாகிய ‘கலேவலா’வில், மாவும் உப்பும் பொன்னும் அரைத்துத் தரும் அதிசய ஆலையின் பெயரே அது. 1956 முதல் 1982 வரை குடியரசுத் தலைவராக விளங்கி, சோவியத் அண்டை நாட்டோடு பகையின்றி வாழும் நெறியைப் பேணிய ஊர்ஹோ கெக்கோனன் பிறந்த ஊரும் பியெலாவெசியே. அவரும் இளமையில் விளையாட்டு வீரரே. 1924இல் உயரம் தாண்டுதலில் நாட்டின் முதல்வராக வந்தவர்.

மாஸ்கோவில் கடைசி, மாஸ்கோவில் நான்காவது

1952ஆம் ஆண்டு கோடையில் பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவை நடத்தியது. அதே ஆகஸ்டில் மாஸ்கோவில் ஆடவர் கைப்பந்து உலக வெற்றியாளர் போட்டி நிகழ்ந்தது. போர் ஓய்ந்து எட்டாண்டுகளே ஆன நிலையில், பின்லாந்துக் குழு முன்னாள் பகைவரின் தலைநகருக்குச் சென்றது. இந்தியா உள்ளிட்ட பதினொரு நாடுகள் ஆடிய அப்போட்டியில் சோவியத் குழு முதலிடம் பெற்றது. பின்லாந்து பதினோராம் இடத்தைப் பெற்றது. ஆயினும் அது துவண்டுவிடவில்லை. 1957இல் நாட்டின் கைப்பந்துச் சங்கம் அமைக்கப்பட்டது. 1977இல் ஐரோப்பிய வெற்றியாளர் போட்டியைத் தன் மண்ணிலேயே நடத்தும் நிலைக்குப் பின்லாந்து உயர்ந்தது. அவ்வாண்டும் ஆடவர் வாகையைச் சூடியது சோவியத் குழுவே.

திருப்பம் வெளிநாட்டார் ஒருவர் வழியாக வந்தது. இத்தாலியின் தூரின் நகரத்தவரும் தத்துவம் பயின்றவருமான மவுரோ பெர்ருத்தோ, 2005இல் தேசியக் குழுவின் பயிற்றுநராகப் பொறுப்பேற்றார். அயலார் கண்ணுக்குச் சில வேளைகளில் ஒரு மக்களின் ஆற்றல் அம்மக்களுக்கே புலப்படாத அளவுக்குத் தெளிவாகப் புலப்படும். 2007இல் ரஷ்யாவில் ஐரோப்பிய வெற்றியாளர் போட்டி நடைபெற்றபோது, அதே மாஸ்கோவில் பின்லாந்து நான்காம் இடத்தை எய்தியது. அவ்வரிசையில் அந்நாட்டு ஆடவர் பெற்ற மிகவுயர்ந்த இடம் அதுவே. கடைசி இடத்திலிருந்து அவ்விடத்தை அடைய ஐம்பத்தைந்து ஆண்டுகள் தேவைப்பட்டன. பெர்ருத்தோ பின்னர்த் தம் தாய்நாட்டுக் குழுவுக்குப் பயிற்றுநராகி, 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றுத் தந்தார்.

எல்லை கடந்தவர்

2007ஆம் ஆண்டுக் குழுவில் ஆடியவர்களுள் ஒருவர் துவோமாஸ் சம்மெல்வுவோ. வடபுலத்துப் புதாஸ்யார்வி ஊரில் பிறந்த இவர், பின்னர்ப் பின்லாந்துக் குழுவின் பயிற்றுநரானார். 2014இல் போலந்தில் நடந்த உலகப் போட்டியில் அக்குழு ஒன்பதாம் இடம் பெற்றது. 1982க்குப் பின் அவ்வரங்கில் அது மீண்டும் கால்பதித்த ஆண்டு அது. குழுவைக் காண ஆயிரக்கணக்கான பின்லாந்து மக்கள் காத்தோவிட்சே நகரில் திரண்டனர்.

2019இல் வியத்தகு செய்தி ஒன்று வந்தது. சம்மெல்வுவோ ரஷ்யக் குழுவின் பயிற்றுநராக அமர்த்தப்பட்டார். ஒரு காலத்தில் பின்லாந்தைக் கடைசி இடத்திற்குத் தள்ளிய கைப்பந்துப் பேரரங்கின் பொறுப்பு ஒரு பின்லாந்துக்காரர் கைக்கு வந்தது. 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் அவருடைய குழு வெள்ளி வென்றது.

அவ்வுறவு நீடிக்கவில்லை. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படைகள் உக்ரேனுக்குள் புகுந்தன. மார்ச்சில் சம்மெல்வுவோ பொறுப்பைத் துறந்தார். ரஷ்யாவில் நடக்கவிருந்த உலகப் போட்டி வேறு நாடுகளுக்கு மாற்றப்பட்டது. 2023 ஏப்ரலில் பின்லாந்து நேட்டோ கூட்டணியில் சேர்ந்தது. அவ்வாண்டின் இறுதியில் கிழக்கெல்லையின் கடவைகளும் அடைக்கப்பட்டன.

கைப்பந்து வலை இரு சாராரையும் பிரிக்கிறது. ஆயினும் பந்து அதன்மேல் கடந்து செல்லவேண்டும் என்பதற்காகவே அது கட்டப்படுகிறது. வலையைத் தொடுவது பிழை. மறுபுறம் நுழைந்து இடையூறு செய்வதும் பிழை. பந்தை அனுப்பாதிருப்பதும் பிழையே. அண்டை நாடுகளுக்கும் இம்மூன்று விதிகளே போதுமானவை. போர்முனையில் ஆட்டம் பயின்று, தோற்ற நகருக்கே மீண்டும் சென்று தலைநிமிர்ந்த அச்சிறு நாட்டின் வரலாறு, நம் மாணவர்க்கு உணர்த்தும் பாடமும் இதுவேயாகும்.