காணாமற்போனோரின் கணக்கு

2022ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் உச்சநீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பில் 168 என்னும் எண் திரும்பத் திரும்ப வருகிறது. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பம்பாயில் நிகழ்ந்த கலவரங்களில் காணாமற்போனோரின் எண்ணிக்கை அது. இறந்தோர் 900 பேர். அவர்தம் குடும்பங்களுக்கு இழப்பீடு கிடைத்தது. காணாமற்போனோரில் 60 பேரின் குடும்பங்களுக்கும் கிடைத்தது. எஞ்சிய 108 பேரின் குடும்பங்கள் எங்கிருக்கின்றன என்று அறிய இயலவில்லை என்பதே மகாராஷ்டிர அரசின் விடையாக இருந்தது.

குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீடு பற்றிப் பேச்செழும்போதெல்லாம் ஒரு கேள்வி எல்லாவற்றிற்கும் முன்னதாக வந்து அமர்ந்துகொள்கிறது. தகுதி வரம்பை விரித்தால் பொதுப்பணம் தாங்குமா? கேள்வி நியாயமானதே. கருவூலம் அடியற்ற பாத்திரம் அன்று. ஆயினும் அதற்கு விடை தேடுவோர் பெரும்பாலும் வரவிருக்கும் செலவை ஊகித்துப் பேசுகின்றனரேயன்றி, முன்னர் விரித்தபோது என்ன செலவாயிற்று என்று திரும்பிப் பார்ப்பதில்லை. பம்பாய்க் கலவரத்தின் இழப்பீட்டு வரலாறு அப்படித் திரும்பிப் பார்க்கத்தக்க ஒன்று.

சயான் இரயில் நிலையத்தின் மேற்குப் பக்கம் இறங்கினால் தாராவி. 1992 டிசம்பர் 6ஆம் நாள் பாபர் மசூதி இடிக்கப்பட்டதைக் கொண்டாடிச் சென்ற மிதிவண்டி ஊர்வலத்தை நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணைய அறிக்கை பதிவுசெய்திருப்பது இங்கேதான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்து தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர்கள், இந்துக்களும் இசுலாமியரும், ஒரே சந்தின் இருபுறமும் குடியிருந்த பகுதி இது. ஆணையத்தின் கணக்குப்படி இறந்த 900 பேரில் இசுலாமியர் 575, இந்துக்கள் 275, அடையாளம் தெரியாதோர் 45, பிறர் 5.

1993 ஜூலையில் மாநில அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. இறந்தவரின் வாரிசுகளுக்கு 2 லட்சம் ரூபாய். 'இறந்தவர்' என்னும் சொல்லில்தான் சிக்கல் தொடங்கியது. உடல் கிடைத்தால், அதனை யாரேனும் அடையாளம் காட்டினால், ஒருவர் இறந்தவர். எரிந்து கரியானவர், சாக்கடையில் வீசப்பட்டவர், ஊரைவிட்டு ஓடிய குடும்பத்தினரால் பிணவறைக்கு வந்து பார்க்க இயலாதுபோனவர் ஆகியோர் சட்டத்தின் கண்களில் இறக்கவில்லை. அன்று நடப்பிலிருந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவின்படி ஏழாண்டுகள் ஒருவரைப் பற்றி எச்செய்தியும் இல்லையெனில், அவர் உயிருடன் இருக்கிறார் என்று கூறுவோரே அதனை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அதாவது 1993 ஜனவரியில் காணாமற்போனவர், இயல்பான சட்ட நடைமுறையில், 2000 வரை உயிரோடிருப்பவர்.

மொழியியல் படித்தவள் என்பதால் இவ்விடத்தில் சற்று நிற்கிறேன். 'காணாமற்போனவர்' என்னும் தமிழ்ச் சொல் விந்தையானது. 'காணாமல்' என்பது எதிர்மறை வினையெச்சம். காணாதிருப்பவர்கள் தேடிக்கொண்டிருக்கும் உறவினர். போனவரோ வேறொருவர். இருவேறு எழுவாய்களை ஒரே சொல்லுக்குள் தமிழ் கட்டிவைத்திருக்கிறது. மராத்தியில் அரசு ஆவணங்கள் ஆளும் சொல் 'பேபத்தா'. 'பே' என்பது பாரசீகத்திலிருந்து வந்த இன்மை முன்னொட்டு. 'பத்தா' என்றால் தடம், முகவரி. முகவரியற்றவர் என்பதே நேர்ப்பொருள். 108 குடும்பங்களுக்குப் பணம் சேராமைக்கு அரசு கூறிய காரணமும் அதுவேயாயிற்று. குடிசை எரிந்தபின் முகவரி எங்கே நிற்கும்?

1998 ஜூலை 22ஆம் நாள் இரண்டாம் அரசாணை வந்தது. காணாமற்போனோரின் குடும்பங்களும் அதே 2 லட்சத்திற்குத் தகுதியுடையோர் ஆயினர். தகுதி வரம்பு விரிக்கப்பட்ட தருணம் இது. விரிவின் முழு விலையைக் கணக்கிடுவோம். 168 பேருக்குத் தலா 2 லட்சம் எனில் 3 கோடியே 36 லட்சம். 900 பேருக்கான 18 கோடியோடு ஒப்பிட்டால் ஐந்திலொரு பங்கிற்கும் குறைவு. கூடவே, இது மூடிய பட்டியல்; 1993இல் முடிந்துபோன ஒரு நிகழ்வின் பட்டியல். ஆண்டுதோறும் வளரக்கூடியது அன்று.

அதன்பிறகு என்ன நடந்தது என்பதுதான் செலவின் உண்மையான கதை. 2001இல் ஷகீல் அகமது தொடுத்த வழக்கு 2022இல் முடிந்தது. நீதிபதிகள் கவுல், ஓகா, விக்ரம் நாத் அடங்கிய அமர்வு, சட்டம் ஒழுங்கைக் காக்கத் தவறியது அரசே என்றும், அதனால் அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பின்படி பாதிக்கப்பட்டோர் இழப்பீடு கோர உரிமையுடையோர் என்றும் கூறியது. பணம் பெறாதோருக்கு 1999 ஜனவரி 22 முதல், அதாவது இரண்டாம் அரசாணை வந்து ஆறு மாதம் கழிந்த நாளிலிருந்து, ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டி சேர்த்துத் தர ஆணையிட்டது.

2 லட்சத்திற்கு 9 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 18,000 ரூபாய். தீர்ப்பு நாள்வரை ஏறத்தாழ 23 ஆண்டுகள் 9 மாதங்கள். தனிவட்டியாகக் கொண்டாலே 4 லட்சத்து 27 ஆயிரத்துக்கு மேல். முதலைக் காட்டிலும் வட்டி இருமடங்கு. 108 குடும்பங்களுக்கு 1998இலேயே கொடுத்திருந்தால் 2 கோடியே 16 லட்சத்தோடு முடிந்திருக்கும் கடன், 2022இல் 6 கோடியே 70 லட்சத்தைத் தாண்டி நின்றது. வரம்பை விரித்ததற்கான விலை 2 கோடி. விரித்தபின் கொடுக்காமல் இருந்ததற்கான விலை நாலரைக் கோடி. வழக்கறிஞர் கட்டணம், அதிகாரிகளின் நேரம், இருபதாண்டு கோப்புகள் இக்கணக்கில் சேரவில்லை.

வட்டியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் அரசாணைகளில் 'கருணைத்தொகை' என்று ஒரு சொல் உண்டு. கருணைக்கு வட்டி கிடையாது. அது தாமதமானால் எவரும் கேட்க இயலாது. வட்டி உண்டென்று சொன்ன கணத்தில் அத்தொகை கடனாகிவிடுகிறது. தீர்ப்பின் மிக முக்கியமான சொல் 'வட்டி' என்பதே என் வாசிப்பு.

இவ்வேறுபாடு நமக்குப் புதிதன்று. கள்வரிடமிருந்து மீட்க இயலாத பொருளை அரசன் தன் கருவூலத்திலிருந்து ஈடுசெய்ய வேண்டும் என்கிறது அர்த்தசாஸ்திரம். கல்வெட்டுகளில் நாம் காண்பது வேறு. சோழர் காலத்தில் வேட்டையில் தவறுதலாக ஒருவனை அம்பெய்து கொன்றவன் கோயிலுக்கு நந்தாவிளக்கு வைக்குமாறு பணிக்கப்பட்டான். ஒரு விளக்கிற்கு 96 ஆடுகள் என்பது பரவலான அளவு. 'சாவா மூவாப் பேராடு' என அவை குறிக்கப்படும். ஆடுகள் சாகா, மூப்பெய்தா. செத்தவனின் வீட்டுக்கு என்ன கிடைத்தது என்று தேடினால் பெரும்பாலும் மௌனமே. மாறாக, ஊரைக் காத்துப் போரில் வீழ்ந்தவனின் குடும்பத்திற்கு 'உதிரப்பட்டி' என நிலம் கிடைத்தது. வீரனாகச் செத்தால் நிலம், வழிப்போக்கனாகச் செத்தால் பிறர் புண்ணியத்திற்கு விளக்கு. தகுதி வரம்பு என்னும் நவீனச் சொல்லின் பழைய முகம் இது.

வரம்பைக் குறுக்கிவைப்பதன் விலைக்கு இங்கிலாந்தும் சான்று. 1964இல் அங்கு தொடங்கிய திட்டம், உரிமை என்று ஒப்புக்கொள்ளாத கருணைத்தொகைத் திட்டமே. தாக்கியவரும் தாக்கப்பட்டவரும் ஒரே கூரையின்கீழ்க் குடும்பமாக வாழ்ந்திருந்தால் இழப்பீடு இல்லை என்று அதில் ஒரு விதி. 1979 அக்டோபரில் அதனைத் திருத்தினர். ஆனால் அந்நாளுக்குமுன் நடந்த குற்றங்களுக்குப் பழைய விதியே என்றனர். சொந்த வீட்டில் வன்முறைக்காளான குழந்தைகள் முதியோராகும்வரை அக்கோடு நின்றது. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனைப் பாகுபாடு என்று சொன்னபின், 2019இல் நீக்கப்பட்டது. செலவைக் கட்டுப்படுத்தும் எண்ணம் அக்கோட்டிற்குப் பின்னால் இருந்ததை எவரும் மறைக்கவில்லை.

திறந்த பட்டியல்களைப் பற்றிய அச்சம் வேறு வகையானது, அதனை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357அ பிரிவு 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. குற்றவாளி கண்டுபிடிக்கப்படாவிடினும் இழப்பீடு கோரலாம் என்பது அதன் பெரிய விரிவு. மகாராஷ்டிரம் 2013இல் 'மனோதைரிய' திட்டத்தைத் தொடங்கியது. பாலியல் வன்கொடுமைக்கும் அமிலவீச்சுக்கும் ஆளானோருக்கு உச்சவரம்பு 3 லட்சம் என்றிருந்ததை, பம்பாய் உயர்நீதிமன்றத்தின் கடிந்துரைகளுக்குப்பின் 10 லட்சமாக உயர்த்தியது. இங்கே ஒவ்வோர் ஆண்டும் புதிய பெயர்கள் சேரும், பொய்க்கோரிக்கைகளும் வரலாம். மாநில நிதிநிலை அறிக்கையில் அதற்கு இடம் ஒதுக்கியே ஆக வேண்டும். ஆயினும் 2013இல் 1,000 கோடியோடு தொடங்கப்பட்ட நிர்பயா நிதியைப் பற்றி நாடாளுமன்றத்தில் மீண்டும் மீண்டும் எழுந்த குறை, அது தீர்ந்துவிட்டது என்பதன்று. செலவாகாமல் கிடக்கிறது என்பதே. 2024 ஜூலையிலிருந்து 357அ பிரிவின் இடத்தில் புதிய சட்டத்தின் 396ஆம் பிரிவு நிற்கிறது. எண் மாறியிருக்கிறது, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்தின் வாசலில் விண்ணப்பத்தோடு நிற்பவரிடம் கேட்கப்படும் முதற்கேள்வி இன்றும் முகவரியே.

108 குடும்பங்களைத் தேட, மாநிலச் சட்டப்பணிகள் ஆணையத்தின் உறுப்பினர் செயலர் தலைமையில், ஒரு வருவாய் அதிகாரியும் ஒரு காவல் அதிகாரியும் அடங்கிய குழுவை உச்சநீதிமன்றம் அமைத்தது. தாராவியிலும் பிற பகுதிகளிலும் அக்குடிசைகள் நின்ற இடங்களில் இப்போது வேறு சுவர்கள், வேறு கதவெண்கள். பணம் கையில் சேரும் நாள்வரை ஒவ்வொரு பெயருக்கும் ஆண்டுக்கு 18,000 ரூபாய் அரசின் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கிறது.